கூட்டுக்குள் மருந்து போகாது

ஜனவரி 9

அன்புள்ள தங்கைக்கு,

அக்கா எழுதுவது. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று பார்க்காதே. போனில் நீ "பாத்துக்கலாம்க்கா, பாத்துக்கலாம்" என்கிறாய். வைத்த பிறகு யோசித்தால் கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. எழுதினால் நீயும் யோசித்து எழுதுவாய், நானும் எடுத்து மறுபடி படித்துக்கொள்வேன்.

நவம்பரில் எங்கள் கோழிக் கொட்டகையில் முப்பது பண்ணைக்காரர்களை நிற்கவைத்து ஈயைப் பற்றிப் பேசினாயே, அன்று சொன்னபடியே செய்தோம். சுவருக்கு ஒரு தரம், கூண்டுக்குக் கீழே குவியும் எச்சத்தின் மேல் ஒரு தரம், பதினைந்து நாளைக்கு ஒரு முறை. உன் அத்தான் காலண்டரில் வட்டம் போட்டு வைத்து அடித்தார். முதல் வாரம் தரையெல்லாம் செத்த ஈ. முறத்தில் அள்ளிக் கொட்டினேன். வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் "எங்க டாக்டரம்மா சொன்ன மருந்து" என்று பீற்றிக்கொண்டார் மனுஷன்.

இப்போது மருந்தடிப்பதற்கு முன்னால் இருந்ததைவிட அதிகம். முட்டைத் தட்டு கறுப்பாக இருக்கிறது. கையை வீசினால்தான் வெள்ளை தெரிகிறது. பின்தெருவில் சாப்பாட்டுத் தட்டைத் துணியால் மூடி, துணிக்குள் கைவிட்டுச் சாப்பிடுகிறார்களாம். அந்தத் தெருத் தையல்காரி நேற்று வாசலில் வந்து நின்று, "உங்க கொட்டகை ஈ எங்க வீட்டுப் பச்சப்புள்ள கண்ணுல வந்து உக்காருதுங்க" என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

சுகாதாரக் குழுவில் மனு கொடுத்துவிட்டார்கள். மார்ச்சில் விசாரணை. அதற்குள் ஈ குறையாவிட்டால் பண்ணையை மூட வேண்டும் என்று நோட்டீஸ் வந்திருக்கிறது. என்ன செய்வது என்று எனக்குப் புரிகிற மாதிரி எழுது.

அக்கா

*

ஜனவரி 16

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. பதற்றப்படாதே. அந்த மருந்தை நாங்கள் சும்மா சிபாரிசு செய்யவில்லை. எங்கள் ஆய்வகத்தில் கண்ணாடிச் சாடியின் உள்பக்கம் மருந்தைப் பூசி, காயவிட்டு, ஈக்களை உள்ளே விட்டு, ஒரு நாள் கழித்து எண்ணினோம். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு செத்தன. ஒரு முறை அல்ல, ஆறு முறை.

ஆகவே தவறு வேறெங்கோ இருக்கிறது. மருந்தைக் கலக்கும்போது அத்தான் அளவுக் குவளையைப் பயன்படுத்தினாரா, இல்லை கண்ணளவா? சுவர் நனையும் அளவுக்கு அடித்தாரா, அல்லது புகை மாதிரி விசிறிவிட்டு வந்தாரா? அவருக்கு அவசரம் அதிகம் என்பது உனக்கே தெரியும். தப்பாக எடுத்துக்கொள்ளாதே, நான் எல்லாப் பண்ணைக்காரர்களிடமும் கேட்கிற கேள்விதான்.

உன் கொட்டகை ஈக்களை எனக்கு அனுப்பு. மூன்று டப்பா வேண்டும். ஒன்றில் பறக்கிற ஈ. ஒன்றில் எச்சத்தைக் கிளறினால் நெளிகிற வெள்ளைப் புழு, கொஞ்சம் ஈர எச்சத்தோடு. மூன்றாவதில் கூட்டுப்புழு; குவியலின் ஓரத்தில், காய்ந்த இடத்தில், அரிசி அளவில் பழுப்பாகக் கிடக்கும், அசையாது. மூடியில் ஊசியால் துளை போடு. ஒவ்வொரு வயதிலும் மருந்து எப்படி வேலை செய்கிறது என்று தனித்தனியாகப் பார்த்துச் சொல்கிறேன்.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

தங்கை

*

ஜனவரி 24

தங்கைக்கு,

உன் கடிதத்தை அவர்தான் முதலில் பிரித்தார். படித்துவிட்டு, கொட்டகைக்குப் போய் அளவுக் குவளையை எடுத்து வந்து, துடைத்து, மேஜை மேல் என் முன்னால் வைத்தார். அவ்வளவுதான். உன்னைக் கல்லூரியில் சேர்க்கும்போது பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நான்கு மாடி ஏறின மனுஷன் அவர். அன்றைக்கும் அவசரம்தான், விடுதியில் சன்னல் ஓரக் கட்டிலை வேறு யாரும் பிடித்துவிடக் கூடாதே என்ற அவசரம்.

மூன்று டப்பாவும் இந்தப் பார்சலில் இருக்கிறது. பார்சல் ஆபீஸில் "உள்ள என்னம்மா?" என்று கேட்டான். ஈ என்றேன். "ஈயா? எங்க ஊட்டுல நெறைய இருக்கு, நான் ஓசியிலயே தருவேனே" என்றான். இந்த மாதத்தில் நான் சிரித்தது அந்த ஒரு தரம்தான்.

இப்போது நான் கேட்பதற்கு ஒழுங்காகப் பதில் எழுது. மருந்துக் கடைக்காரர் சொல்கிறார், "ஈக்குப் பழகிப்போச்சு, அளவ ரெண்டு மடங்காக்குங்க, சுருண்டு விழும்" என்று. உன் அத்தானும் இரண்டு மடங்கு அடித்துப் பார்க்கலாம் என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. இப்போதே ஒவ்வொரு முறை அடித்துவிட்டு வந்ததும் தலைவலி என்று படுத்துவிடுகிறார். வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கிறது என்கிறார். முகத்தில் ஒரு துண்டைக் கட்டிக்கொள்வதோடு சரி.

அடிக்கலாமா, கூடாதா? ஒரு சொல் போதும். அடுத்த முறை அடிக்க வேண்டிய தேதி பிப்ரவரி 8.

அக்கா

*

பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

டப்பாக்கள் கிடைத்தன. நல்ல நிலையில் இருந்தன, நன்றி.

சோதனைகள் நடந்துகொண்டிருக்கின்றன. முடிவு எதுவும் இன்னும் வரவில்லை. இந்த நிலையில் அளவை மாற்றுவது பற்றி நான் கருத்துச் சொல்வது முறையாக இருக்காது. தெரிந்தவுடன் எழுதுகிறேன்.

அத்தான் மருந்தடிக்கும்போது கையுறை போட்டுக்கொள்ளட்டும்.

தங்கை

*

பிப்ரவரி 19

உனக்கு,

பிப்ரவரி எட்டாம் தேதி காலை ஒன்பது மணிக்கு அவர் கொட்டகைக்குள் போனார். கையுறை போட்டிருந்தார். நீ அதைத்தானே எழுதியிருந்தாய். மருந்து இரண்டு மடங்கு. நீ வேண்டாம் என்று எழுதவில்லை. வேண்டாம் என்றால் எழுதியிருப்பாள் என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பத்து மணிக்குக் கோழிகள் ஒரு மாதிரி கத்தின. போய்ப் பார்த்தால் மூன்றாவது வரிசைக்கும் நான்காவது வரிசைக்கும் நடுவில் குப்புறக் கிடந்தார். முதுகில் தெளிப்பான் அப்படியே. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது, மருந்தா வேர்வையா தெரியவில்லை. வாயோரம் நுரை. கண்ணைப் பிரித்துப் பார்த்தேன், கருவிழிக்குள் இருக்கிற கறுப்பு ஊசிமுனை மாதிரி சுருங்கியிருந்தது. நானும் தையல்காரியின் புருஷனும்தான் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஆமாம், மனு கொடுத்த அதே வீட்டு ஆள்.

ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. முதல் இரண்டு நாள் மூச்சுக்குக் குழாய். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார். பேசுகிறார், சாப்பிடுகிறார். கால் மரத்த மாதிரி இருக்கிறது என்கிறார். டாக்டர் என்னிடம், "இந்த அளவுக்குக் கலக்கச் சொன்னது யாரும்மா?" என்று கேட்டார். கடைக்காரர் என்றேன். உன்னைச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அவரை வீட்டுக்குக் கூட்டி வந்தபோது அவர் போர்வை மேல் ஈ உட்கார்ந்தது. ஒன்றிரண்டு இல்லை.

பதில் வருமா, இன்னும் சோதனை நடக்கிறதா?

*

பிப்ரவரி 25

அக்கா,

இதை நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இந்த முறை திரும்பிப் படிக்காமல் அனுப்பப் போகிறேன்.

உன் பார்சல் வந்தது ஜனவரி 27. முப்பதாம் தேதி மதியமே எனக்குத் தெரிந்துவிட்டது. முடிவு வரவில்லை என்று எழுதியபோது அது என் மேஜை மேல் இருந்தது.

நவம்பரில் நான் சொன்னதெல்லாம் எங்கள் ஆய்வகத்து ஈக்களை வைத்துச் சொன்னது. அவை முப்பது வருடமாகத் தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே வளர்ந்தவை. மருந்து என்றால் என்னவென்றே தெரியாதவை. சாகாமல் என்ன செய்யும்? உன் ஈக்களில் நூறை எடுத்து, ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு சொட்டு வைத்தேன். தொண்ணூற்றொன்று மறுநாள் பறந்தன. மருந்து பூசிய சாடியில் எண்பது பிழைத்தன. அதே மருந்தைச் சர்க்கரையில் கலந்து தின்னக் கொடுத்தபோது பாதிக்கு மேல் செத்தன. சுவரில் அடிப்பது வீண், தின்ன வைத்தால் கொஞ்சம் பலன் உண்டு. இதைக்கூட நான் உனக்குச் சொல்லவில்லை.

புழுவுக்கு எச்சத்தின் மேலாக அடித்துப் பார்த்தேன். மேலே இருந்தவை செத்தன. இரண்டு விரல் ஆழத்தில் இருந்தவை கொழுத்துக்கொண்டிருந்தன. கூட்டுப்புழு மேல் எவ்வளவு அடித்தாலும் ஒன்றுமில்லை. அந்தக் கூட்டுக்குள் மருந்து போகாது. ஐந்தாம் நாள் உடைத்துக்கொண்டு ஈ வெளியே வருகிறது, அவ்வளவுதான். அத்தான் இரண்டு மடங்கு அல்ல, இருபது மடங்கு அடித்திருந்தாலும் அப்படித்தான் வந்திருக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்தக் கூடுகளைத் துளைத்து முட்டையிடுகிற பொடிக் குளவி ஒன்று உண்டு. கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. ஈயை உள்ளேயே தின்றுவிடும். மருந்தே அடிக்காத ஒரு பண்ணையிலிருந்து கூடுகள் வாங்கி வைத்தேன். பத்தில் மூன்றில் ஈக்குப் பதில் குளவி வந்தது. உன் கொட்டகைக் கூடுகளை மூன்று வாரம் வைத்திருந்தேன். ஒரு குளவிகூட வரவில்லை. எச்சத்தின் மேல் மருந்தடிக்கச் சொன்னேனே, அதில் அவைதான் முதலில் செத்தன. உன் கொட்டகையில் ஈ பெருகியது மருந்தையும் மீறி இல்லை. மருந்தால்தான்.

முப்பதாம் தேதி ஆய்வக இயக்குநரிடம் போனேன். எங்கள் அலுவலகக் கையேட்டில் நான் எழுதிய சிபாரிசு தவறு என்றேன். "நம்ம நிபுணர் குழு கூடட்டும், அதுவரைக்கும் வெளிய மூச்சு விடாதீங்க. கையேட்டுல இருக்கறது உங்க பேரு, ஞாபகம் இருக்கட்டும்" என்றார். மிரட்டவில்லை. டீ வரவழைத்துக் கொடுத்து, கனிவாகத்தான் சொன்னார். அந்த மாதம்தான் என் வேலை நிரந்தரமாக வேண்டியிருந்தது. எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்து, கையுறை போட்டுக்கொள்ளட்டும் என்று எழுதினேன்.

இனிமேல் எதையும் அடிக்காதே. எச்சத்தை வாரம் ஒரு முறை முழுக்க அள்ளி அப்புறப்படுத்து. முட்டை ஈயாக ஆவதற்கு இந்தக் காலத்தில் பத்து நாளாவது ஆகும், அதற்குள் வீடு இல்லாமல் போனால் அது எங்கே வளரும்? தண்ணீர்க் குழாய்க் கசிவை அடை. எச்சம் காய்ந்திருந்தால் புழு பிழைக்காது.

அத்தானிடம் என்ன சொல்வதென்று தெரியவில்லை.

*

மார்ச் 5

உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். ஒரு வரி விடாமல். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடித்ததும், "பயந்திருப்பா, பாவம்" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் கடிதத்தைக் கசக்கி எறிந்தேன். பிறகு நானே எடுத்து நீவி வைத்தேன். அவர் உன்மேல் கோபப்படாதது எனக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்று உனக்குப் புரியாது. இந்த வீட்டில் நான் ஒருத்திதான் பொல்லாதவளாக இருக்க வேண்டியிருக்கிறது.

வலது பாதம் இப்போது மேலே தூக்க வரவில்லை. நடந்தால் விரல் தரையில் இழுபடுகிறது. இந்த வகை மருந்தில் சில பேருக்கு இரண்டு மூன்று வாரம் கழித்து இப்படி ஆகும் என்றார் டாக்டர். திரும்பி வருமா என்றேன். "பாக்கலாம்" என்றார். உன்னை மாதிரியே.

எச்சத்தை அள்ளுகிறேன். நான், கூலிக்கு இரண்டு பெண்கள், தையல்காரியின் புருஷன். அவர் தானாகவே மண்வெட்டியோடு வந்தார். மூக்கைக் கட்டிக்கொண்டு நான்கு நாள் அள்ளினோம்.

விசாரணைக்குப் போனேன். "ஆய்வகம் சொன்ன மாதிரிதான் செஞ்சோம்" என்றேன். எழுத்தில் இருக்கிறதா என்றார்கள். இருபதாம் தேதிவரை நேரம் கொடுத்திருக்கிறார்கள். நீ எழுத வேண்டும். சிபாரிசு எங்களுடையது, தவறு எங்களுடையது, பண்ணைக்காரர் சொன்னபடிதான் செய்தார், சரிசெய்ய மூன்று மாதம் வேண்டும் என்று. உன் கையெழுத்தோடு. இந்தக் கொட்டகை அவர் கால் நன்றாக இருந்தபோது தூண் தூணாக நட்டது. இதுவும் போனால் அவர் உட்கார்ந்து பார்க்க ஒன்றும் இருக்காது.

எனக்காகக் கேட்கவில்லை.

*

மார்ச் 14

அக்கா,

இதையும் நானே சொல்லிவிடுகிறேன். சுகாதாரக் குழு எங்கள் அலுவலகத்துக்கு ஏற்கனவே கடிதம் எழுதியிருந்தது. பிப்ரவரி 28 அன்று பதில் போய்விட்டது. "மருந்தும் சிபாரிசும் சரியானவை. குறிப்பிட்ட பண்ணையில் அளவுக்கு மீறிப் பயன்படுத்தியதே பிரச்சினைக்குக் காரணம்." தட்டச்சு செய்து கொண்டு வந்து என் மேஜையில் வைத்தார்கள். கையெழுத்துப் போட்டேன்.

ஆமாம். உனக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பி மூன்று நாள் கழித்து.

உன்னிடம் சொல்லிவிட்டதால் மனசு லேசாகியிருந்தது அக்கா. அந்த லேசில்தான் கையெழுத்துப் போட்டேன் என்று இப்போது தோன்றுகிறது. வேறு விளக்கம் என்னிடம் இல்லை.

உன் கடிதம் வந்ததும் நானே உட்கார்ந்து இன்னொன்று எழுதினேன். சோதனை முடிவு எல்லாம் வைத்து, முதல் கடிதம் பொய் என்று எழுதி, கையெழுத்திட்டு, நேற்று பதிவுத் தபாலில் குழுவுக்கு அனுப்பிவிட்டேன். இயக்குநருக்கும் ஒரு பிரதி கொடுத்தேன். இன்று காலை ஆய்வகச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். பழைய அறிக்கைகளை அடுக்கி வைக்கிற அறையில் உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். அதைப் பற்றி நான் குறைசொல்ல மாட்டேன்.

அத்தானைப் பார்க்க வரட்டுமா? வேண்டாம் என்றால் வேண்டாம் என்றாவது எழுது.

தங்கை

*

ஏப்ரல் 2

உன் இரண்டாவது கடிதம் குழுவுக்கு நேரத்தோடு வந்துவிட்டது. அதைச் சொல்லிவிட வேண்டும்.

தலைவர் இரண்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். ஒரே கையெழுத்து, கீழே அதே சுழி. "ஒண்ணுல அவங்க தப்புன்னு எழுதியிருக்காங்க, ஒண்ணுல உங்க தப்புன்னு எழுதியிருக்காங்க. ரெண்டாவது எழுதினவங்க உங்க கூடப்பொறந்த தங்கச்சி. நாங்க எத நம்பறது?" என்றார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். இரண்டையும் தள்ளிவிட்டார்கள். மூடச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது.

நீ சொன்ன மாதிரி அள்ளத் தொடங்கியதில் மூன்றாவது வாரமே ஈ பாதியாகிவிட்டது. உத்தரவு வந்த அன்றைக்கு முட்டைத் தட்டில் ஏழோ எட்டோதான் இருந்தன. தையல்காரி குழுவுக்கு நேரில் போய், "இப்ப ஈ இல்லைங்க, மனுவ வாபஸ் வாங்கிக்கறேன்" என்று சொல்லிப் பார்த்தாள். போட்ட உத்தரவு போட்டதுதானாம். நீ எழுதிய முறை சரிதான். அதை ஜனவரியில் எழுதியிருக்கலாம்.

போன செவ்வாய்க்கிழமை லாரி வந்து கோழிகளை ஏற்றிக்கொண்டு போயிற்று. அவரை நாற்காலியில் உட்காரவைத்திருந்தேன். கடைசிக் கூண்டு ஏறுகிறவரை பார்த்துவிட்டு, "உள்ள கூட்டிட்டுப் போ" என்றார். மறுநாள் காலையில் முதலில் கேட்டது உன்னைத்தான். "அவ வேலை என்னாச்சு? பாக்கணும்போல இருக்கு, வரச் சொல்லு" என்றார். நான் கேட்காத மாதிரி இருந்தேன். மூன்று நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

ஆகையால் ஞாயிற்றுக்கிழமை வா. பத்து மணி பஸ்ஸில் வந்தால் பதினொன்றரைக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். கதவு தாழிட்டிருக்காது. நான் இருக்க மாட்டேன். தையல்காரி வீட்டில் இருப்பேன், அங்கே என்னைத் தேடி வர வேண்டாம். சோறும் குழம்பும் மூடி வைத்திருப்பேன், இரண்டு பேருக்கும் போதும்.

அவரை எழுப்பும்போது கையைப் பிடித்து இழுக்காதே. வலது பக்கம் நின்று இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொள். முழு பாரத்தையும் உன்மேல் போட மாட்டார், கூச்சப்படுவார். போடச் சொல்லு. பாதம் தரையில் உரசுகிற சத்தம் கேட்கும். அழாதே. நீ அழுதால் அவர் உன்னைத் தேற்ற ஆரம்பித்துவிடுவார்.

மூன்று மணிக்குக் கிளம்பிவிடு. நான் மூன்றரைக்கு வருவேன்.